கரைவலையும் கரையோர விடுதியும்: சமூக அடிப்படையிலான உல்லாசப் பயணத்துறை பற்றிய ஒரு விமர்சன நோக்கு

1

'சமூக அடிப்படையிலான உல்லாசப் பயணத்துறை' என்பது இன்றைய அபிவிருத்தித் திட்டங்களிற் பெருவழக்காகிவிட்ட ஒரு தொடராகும். ஒரு கிராமத்து மக்கள் தம் இயற்கை வளங்களையும் வாழ்க்கை முறையையும் பயணிகளுக்குத் தாமே அறிமுகஞ் செய்து, அதன் நிருவாகத்தைத் தம் பொறுப்பில் வைத்து, வருவாயைத் தமக்குள் பகிர்ந்து, அதில் ஒரு பகுதியைப் பாடசாலை, வீதி, குடிநீர் முதலிய பொதுத் தேவைகளுக்கு ஈடுபடுத்துதலே இத்தொடர் சுட்டும் பொருளாகும்.

இக்கருத்து புதியதன்று. உல்லாசப் பயணம் வளர்முக நாடுகளுக்கு மெய்யாகவே அபிவிருத்திக்கான கடவுச்சீட்டாக அமையுமா என்னும் வினாவை எமானுவெல் டி காட் பதிப்பித்த நூலொன்று 1979 இல் எழுப்பியது. பீற்றர் மேர்பி 1985 இல் வெளியிட்ட நூல், இத்துறை அது நிகழும் சமூகத்தின் நிலைநின்று திட்டமிடப்படல் வேண்டும் என வாதித்தது. அன்று வாதமாக இருந்தது இன்று வாய்பாடாகிவிட்டது. அதனை மறுப்பார் எவருமிலர். மறுப்பாரில்லாத கருத்து ஆராய்வாரும் இல்லாது போதல் இயல்பு. எனவே அத்தொடரைச் சற்றே பிரித்து நோக்குதல் தேவையாகின்றது. 'சமூகம்' எனப்படுவோர் யாவர்? 'அடிப்படை' எனப்படுவது யாது?

கடலோரக் கிராமத்தைப் பொறுத்தவரை அடிப்படை என்பது கரையேயாகும். கரையைப் பயன்படுத்தும் உரிமை அங்கு தொழில் செய்வோரிடம் உறுதியாக இருக்கும் வரையிலேயே உல்லாசப் பயணத்துறை அக்கிராமத்தின் வளர்ச்சிக்குத் துணையாகும். அவ்வுரிமை கைநழுவிய பின்னர் எத்தனை பயிற்சி வகுப்புகள் நடத்தினும், எத்தனை குழுக்கள் அமைப்பினும், அது பிறர் தொழிலில் கிராமத்தவர் பெறும் கூலி வேலையாகவே முடியும். இதுவே இக்கட்டுரை நிறுவ முற்படும் கருத்தாகும்.

2

இலங்கையில் உல்லாசப் பயணத்துறை ஓர் ஒழுங்கமைந்த கைத்தொழிலாக உருப்பெற்றது உல்லாசப் பயணச் சபை நிறுவப்பட்ட 1966 ஆம் ஆண்டிலிருந்தாகும். அவ்வாண்டில் இந்நாட்டுக்கு வந்த பயணிகள் 18,969 பேர். 1982 இல் இத்தொகை 407,230 ஆக உயர்ந்தது. இவ்விடைக்காலத்தில் இத்துறை பற்றி எழுந்த எழுத்துகளை இரு வகைக்குள் அடக்கலாம்.

ஒருசாரார் அந்நியச் செலாவணி ஒன்றையே அளவுகோலாகக் கொண்டனர். தேயிலை, இறப்பர், தெங்கு ஆகிய மூன்றையும் நம்பியிருந்த பொருளாதாரத்துக்குக் கடலும் வெயிலும் நான்காவது ஏற்றுமதிப் பண்டமாக அவர்களுக்குத் தோன்றின. மறுசாரார் ஒழுக்கத்தை அளவுகோலாகக் கொண்டனர். ஹிக்கடுவைக் கரையில் அரைகுறை ஆடையுடன் திரிந்த மேனாட்டு இளைஞரும், போதைப்பொருளும், பாடசாலையை விட்டுப் பயணிகளின் பின்னே சென்ற சிறுவரும் அவர்களது கண்டனத்துக்கு ஆளாயினர். அக்கண்டனத்தில் நியாயமில்லை என்று கூறுவதற்கில்லை. ஆயினும் இரு சாராரும் ஒரே வினாவைத் தவறவிட்டனர். கரையில் எழுந்த விடுதிகள் எவருடைய பயன்பாட்டில் இருந்த இடத்தில் எழுந்தன, அங்கு முன்னர் வலை உலர்த்தியோர் எங்கே சென்றனர் என்னும் வினாவே அது. முதற் சாராருக்குக் கரை ஒரு மூலதனம். இரண்டாஞ் சாராருக்கு அது ஒரு களங்கம். அதனை ஒரு தொழிற்றலமாகக் கண்டோர் மிகச் சிலரே.

இன்றைய 'சமூக அடிப்படை'யாளர் இவ்விரு சாராரையும் கடந்துவிட்டதாக எண்ணுகின்றனர். பயிற்சி, பங்கேற்பு, வலுவூட்டல், பாரம்பரியம் என்னும் சொற்கள் அவர்களின் அறிக்கைகளிற் பயில்கின்றன. ஆனால் மேற்கூறிய வினா பல வேளைகளில் அவற்றிலும் விடையின்றியே கிடக்கின்றது.

3

நெய்தல் நிலத்தைத் தமிழ் இலக்கிய மரபு எவ்வாறு கண்டது என்பதை ஈண்டு நினைவுகூர்தல் பொருந்தும். புன்னையும் தாழையும் வெண்மணலும் நெய்தற் பாடல்களில் உள்ளன. அவற்றினூடே உப்பு விளைப்போரும் வலை உணக்குவோரும், உலரும் மீனைப் பறவைகள் கொள்ளாது காக்கும் மகளிரும் உள்ளனர். காட்சியும் தொழிலும் அங்கே பிரிக்கப்படவில்லை. உல்லாசப் பயண விளம்பரத்தாளோ காட்சியை வைத்துக்கொண்டு தொழிலை நீக்கிவிடுகின்றது. அதிலுள்ள படத்தில் கரை வெறுமையாக இருக்கின்றது. தோணி இருந்தாலும் அதில் ஆளில்லை.

நவீன ஈழத்து எழுத்தாளர் சிலர் நெய்தல் மரபின் தொழிற்பார்வையைத் தொடர்ந்துள்ளனர். மூதூரைச் சேர்ந்த வ. அ. இராசரத்தினத்தின் 'தோணி' என்னும் சிறுகதை, தனக்கென ஒரு தோணி வேண்டும் என்னும் ஏழைக் கடற்றொழிலாளன் மகனின் ஏக்கத்தைப் பொருளாகக் கொண்டது. செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' நாவல் பருவத்தைத் தொடர்ந்து நெடுந்தீவுக் கரைக்கு வந்து வாடியமைத்துத் தொழில் செய்வோரைப் பற்றியது. கருவியின் உடைமை, கரையின் உபயோகம், பருவத்தின் நியதி ஆகிய மூன்றுமே கடலோர வாழ்வை நிருணயிக்கின்றன என்பதை இவ்விரு படைப்புகளும் உணர்த்துகின்றன. உல்லாசப் பயணத்துறை கடலோரக் கிராமத்தைத் தொடும்போது தொடுவதும் இம்மூன்றையுமே.

கரைவலைத் தொழிலை எடுத்துக்கொள்வோம். வலையின் ஒரு கயிற்றைக் கரையில் விட்டு, தோணி கடலினுள் சென்று, அரைவட்டமாக வலையை வளைத்து, மறு கயிற்றுடன் கரை சேரும். இரு குழுவினர் இரு கயிறுகளையும் சிறிது சிறிதாக நெருங்கிவந்து இழுக்க, இறுதியில் மடி கரையேறும். இதற்குப் பலநூறு மீற்றர் நீளமான தடையற்ற கரை வேண்டும். வலை உலர்த்தவும், கருவாடு காயவிடவும், வாடி அமைக்கவும் அதன் பின்னே இடம் வேண்டும். இவ்வாறு வலை வளைப்பதற்குரிய இடமே 'பாடு' எனப்படும். எந்தப் பாட்டில் எவருடைய வலை எப்போது இறங்கலாம் என்பதற்கு ஊர் வழக்கும் முறையும் உண்டு. கடற்றொழில் ஒழுங்குவிதிகளும் அவற்றை ஏற்றுள்ளன. நிலம் அரசினுடையதேயாயினும் அதன் உபயோகம் நியதிக்குட்பட்ட பொதுவுரிமையாகும். சமூக அடிப்படையிலான ஒரு நிறுவனத்தைப் புதிதாக உண்டாக்க முனைவோர், அக்கரையில் அத்தகைய நிறுவனம் ஒன்று ஏற்கெனவே இருப்பதைக் காண்பதில்லை. அது குழுப் புகைப்படங்களில் இடம்பெறுவதில்லை. எழுத்திலும் பெரும்பாலும் இல்லை.

பருவம் பற்றியும் ஒன்று கூறவேண்டும். கிழக்குக் கரையில் வாடைக்காலம் கடல் கொந்தளிக்கும் காலம். அது கழிந்து ஏறக்குறைய ஏப்ரல் முதல் செப்தெம்பர் வரை கடல் அமைதியாக இருக்கும். பயணிகள் நீராட வருவதும் அம்மாதங்களிலேயே, கரைவலை மும்முரமாக நடைபெறுவதும் அம்மாதங்களிலேயே. தொழில் இல்லாத காலத்தில் உல்லாசப் பயணம் துணை வருவாய் தரும் என்று கூறப்படும் வாதம் கிழக்குக் கரையைப் பொறுத்தவரை பெரிதும் பொருந்தாது. இரண்டும் ஒரே கரையை ஒரே மாதங்களிற் கோருகின்றன. எனவே இவ்விரண்டுக்குமிடையே எழுவது இசைவன்று, போட்டியே. போட்டி இருக்குமிடத்தில் உரிமை எவருக்கு என்னும் கேள்வியைத் தட்டிக் கழிக்க இயலாது.

4

இதற்கு எடுத்துக்காட்டாகப் பாசிக்குடாவைக் கொள்ளலாம். மட்டக்களப்பு நகரின் வடக்கே, கல்குடாவை அடுத்துள்ள இக்குடா, நெடுந்தூரம் நடந்து செல்லக்கூடிய ஆழமற்ற நீர்ப்பரப்பாற் புகழ்பெற்றது. 1960களின் பிற்பகுதியில் வரையப்பட்ட பத்தாண்டுத் திட்டம் கிழக்குக் கரையை உல்லாசப் பயண வலயங்களுள் ஒன்றாக வகுத்தது. 1970களில் இங்கு விடுதிகள் எழுந்தன. 1978 நவம்பரில் வீசிய சூறாவளி, 1983 இன் பின்னரான போர், 2004 டிசெம்பர் 26 ஆம் திகதிய ஆழிப்பேரலை ஆகியன அடுத்தடுத்து இப்பிரதேசத்தைத் தாக்கின. 2009 இல் போர் முடிவுற்றதும் பாசிக்குடா மீண்டும் அபிவிருத்தி வலயமாக்கப்பட்டது. பத்துக்கு மேற்பட்ட விடுதிகளுக்கு அங்கு நிலம் ஒதுக்கப்பட்டது. 2011 முதல் அவை ஒவ்வொன்றாகத் திறக்கப்பட்டன. முதலீடு செய்தோருட் பெரும்பாலோர் அப்பிரதேசத்துக்கு வெளியேயிருந்து வந்தோராவர்.

இத்திட்டம் தன்னைச் சமூக அடிப்படையிலானது என்று கூறிக்கொள்ளவில்லை. ஆயினும் போரால் நலிந்த மக்களுக்கு வேலையும் வருமானமும் தரும் என்பதே அதற்குக் கூறப்பட்ட நியாயங்களுள் முதன்மையானது. நிகழ்ந்தது என்ன? 2016 இல் வெளிவந்த ஓர் ஆய்வு 'உபசரிப்பும் புறந்தள்ளலும்' எனப் பொருள்படும் தலைப்பையே தாங்கியிருந்தது. கடற்றொழிலாளர் வள்ளங்களை நிறுத்தும் இடம் கரையின் ஒரு பகுதிக்குள் ஒதுக்கப்பட்டமை, கரைக்குச் செல்லும் வழிகள் விடுதி மதில்களால் சுருங்கியமை, உள்ளூரவர்க்குக் கிடைத்த வேலைகள் பெரும்பாலும் கீழ்நிலை வேலைகளாக இருந்தமை, விடுதிகளில் வேலை செய்யும் பெண்களை ஊரார் ஐயக்கண் கொண்டு நோக்கியமை ஆகியன அங்கு பேசப்பட்ட குறைபாடுகளாகும்.

இவற்றை விடுதி நிருவாகங்களின் தீய எண்ணத்துக்கு ஏற்றிக் கூறுதல் எளிது. ஆனால் அது போதிய விளக்கமாகாது. கரையின் உபயோகம் பற்றிய வழக்குரிமைகள் பதியப்படாத நிலையில் நிலம் குத்தகைக்கு விடப்படுமாயின், குத்தகைப் பத்திரம் உடையவனே உரிமையாளனாகத் தோன்றுவான். பத்திரம் இல்லாதவன் அத்துமீறுவோனாகத் தோன்றுவான். 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரப் பேணற் சட்டம் உயர்நீர் மட்டத்திலிருந்து நிலப்புறமாக 300 மீற்றர் வரையிலான பகுதியைக் கரையோர வலயமாக வகுத்து, அதில் நிகழும் அபிவிருத்திக்கு அனுமதிப்பத்திரத்தை வேண்டிநிற்கின்றது. கட்டடம் எங்கே எழலாம் என்பதை நெறிப்படுத்தும் சட்டம் அது. வலை எங்கே வளைக்கப்பட்டு வந்தது என்பதைக் கட்டடத்துக்கு முன்னரே குறித்துவைக்கும் ஏற்பாடு இல்லாதவிடத்து, அனுமதியோடு எழும் கட்டடமும் பாட்டை அழித்துவிடும்.

ஆழிப்பேரலையின் பின்னர் நிகழ்ந்தவையும் இதனையே உணர்த்துகின்றன. வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றருக்குள்ளும், தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றருக்குள்ளும் மீளக் குடியமர்தல் அன்று தடைசெய்யப்பட்டது. 2005 இன் இறுதியில் அவ்வெல்லைகள் தளர்த்தப்பட்டன. குடிசைகளுக்கு முன் கடுமையாக நின்ற அந்த எல்லை விடுதிகளுக்கு முன் நெகிழ்ந்தது என்பது அக்காலத்தில் கடற்றொழிலாளர் அமைப்புகள் எழுப்பிய குற்றச்சாட்டாகும். கிழக்கின் தென்கோடியிலுள்ள பாணமையில் 2010 இல் குடும்பங்கள் தம் காணிகளிலிருந்து அகற்றப்பட்டன. அக்காணிகளின் ஒரு பகுதியை மீள அளிக்க அமைச்சரவை 2015 இல் தீர்மானித்தது. ஐந்தாண்டுகள் கழித்துக் கிடைக்கும் தீர்மானம் ஐந்தாண்டு விளைச்சலை மீட்டுத் தருவதில்லை.

5

மறுபுறத்தில், நம்பிக்கை தரும் அனுபவங்களும் உள. அவை எக்காரணத்தால் வெற்றியளித்தன என்று நோக்குதல் பயனுடையது.

பொத்துவிலை அடுத்த அறுகங்குடாவில் உல்லாசப் பயணம் வேறொரு வழியாக வளர்ந்தது. அலைச்சறுக்கு விளையாட்டுக்காக வந்த மேனாட்டு இளைஞருக்கு உள்ளூரவர் அறைகளையும் ஓலைக் குடில்களையும் வாடகைக்குக் கொடுத்தனர். சாப்பாட்டுக் கடைகளை வைத்தனர். எந்தத் திட்ட அறிக்கையும் அதனைத் தொடக்கிவைக்கவில்லை. சிறு விடுதிகள் பலவற்றை உள்ளூர்க் குடும்பங்களே நடத்தியமையால் வருவாய் ஊருக்குள் சுழன்றது. பொத்துவிற் களப்பில் கடற்றொழிலாளர் தம் வள்ளங்களிலேயே பயணிகளை ஏற்றிச் சென்று கண்டற் காடுகளைக் காட்டும் முயற்சியும் இத்தகையதே. அங்கு கருவி தொழிலாளனுடையது. நீர்ப்பரப்பைப் பற்றிய அறிவும் அவனுடையது. தொழிலை விட்டு அவன் வெளியேற வேண்டியதில்லை. கண்டல் நின்றாலே பயணி வருவான், கண்டல் நின்றாலே இறாலும் மீன்குஞ்சும் பெருகும். இரு வருவாய்களும் ஒரே வளத்தின் பாதுகாப்பில் தங்கியிருக்குமிடத்து, அப்பாதுகாப்புக்கு வெளியார் உபதேசம் தேவைப்படுவதில்லை.

கேரளத்தின் குமரகம் மற்றோர் எடுத்துக்காட்டு. வேம்பநாட்டு ஏரிக்கரையிலுள்ள இவ்வூர் திறந்த கடலோரமன்று. எனினும் பெருவிடுதிகளும் மீன்பிடியும் வேளாண்மையும் ஒருங்கே உள்ள நீரோரக் கிராமம் என்ற வகையில் ஒப்புநோக்கத் தக்கது. 2008 அளவில் கேரள அரசு 'பொறுப்புணர்வுள்ள சுற்றுலா' என்னும் திட்டத்தைக் குமரகம், கோவளம், தேக்கடி, வயநாடு ஆகிய நான்கு இடங்களிற் பரிசோதனையாகத் தொடக்கியது. குமரகத்தில் 'குடும்பஸ்ரீ' பெண்கள் குழுக்கள் விளைவித்த மரக்கறிகளை விடுதிகள் இணங்கிய விலைக்கு வாங்கின. கயிறு திரித்தல், பாய் இழைத்தல் முதலிய தொழில்களைப் பயணிகள் அத்தொழிலாளரின் இடங்களுக்கே சென்று கண்டனர். இங்கு கவனிக்கத்தக்கது, அதற்கு முன்னரே அங்கு நிலைபெற்றிருந்த இரு நிறுவனங்களாகும். ஒன்று, அதிகாரமும் நிதியும் உடைய கிராம பஞ்சாயத்து. மற்றது, 1998 இல் தொடங்கப்பட்ட குடும்பஸ்ரீ இயக்கம். விடுதிகளோடு பேரம் பேசும் வலிமை சமூகத்துக்கு இருந்தமையாலேயே திட்டம் சமூகத்துக்குப் பயன்பட்டது. திட்டத்தைப் பெயர்த்துக் கொண்டுவந்து, பேரம் பேசும் நிறுவனத்தை விட்டுவிட்டால், எஞ்சுவது பெயர்ப்பலகை மட்டுமே.

6

இனிச் 'சமூகம்' என்னும் சொல்லுக்கு வருவோம். கிராமத்தை ஒருமித்த குடும்பமாகக் காணும் பார்வை நகரத்தவரின் ஏக்கத்திற் பிறந்தது. கடலோரக் கிராமத்தில் வலையும் தோணியும் உடைய சம்மாட்டி இருக்கின்றார். பங்குக்குக் கயிறு இழுப்போர் இருக்கின்றனர். முற்பணம் கொடுத்து மீனை முன்னரே தமதாக்கிக்கொள்ளும் வியாபாரி இருக்கின்றார். பருவத்துக்குப் பருவம் மேற்குக் கரையிலிருந்து வந்து வாடியமைப்போரும் உள்ளனர். இவர்களுள் எவர் சமூகம்? வதிவோர் பட்டியலைக் கொண்டு சமூகம் வரையறுக்கப்படின், பல தலைமுறையாக அக்கரைக்கு வந்துபோகும் பருவத் தொழிலாளர் அதற்குப் புறம்பாவர்.

தென்னிலங்கைக் கடலோரக் கிராமமொன்றை ஆராய்ந்த போல் அலெக்சாந்தர், 1982 இல் வெளியிட்ட நூலில், கரைவலைப் பங்குகளும் முறைமாற்றி வலையிறக்கும் வழக்கும் சமவாய்ப்பை நோக்கி அமைந்திருந்தும், காலப்போக்கில் மூலதனமும் தொடர்புகளும் உடைய சிலர் கைகளில் நன்மைகள் திரண்டமையை விளக்கியுள்ளார். பழைய பொதுவுரிமையையும் நாம் இலட்சியமயப்படுத்தலாகாது என்பதற்கு இது தக்க எச்சரிக்கையாகும். கரையுரிமையைக் காத்தல் வேண்டும் என்பதன் பொருள், சம்மாட்டியின் ஆதிக்கத்தை அப்படியே காத்தல் வேண்டும் என்பதன்று.

இல்லத் தங்குமிடம் என்னும் ஏற்பாட்டிலும் இவ்வேற்றத்தாழ்வு வெளிப்படும். பயணியைத் தங்கவைக்கத் தனியறை வேண்டும், சுத்தமான குளியலறை வேண்டும், வாகனஞ் செல்லும் வீதி வேண்டும். இவை யாவும் உடைய வீடு ஊரில் ஏற்கெனவே வசதியுள்ள வீடாகவே இருக்கும். கயிறு இழுப்பவனின் ஓரறை வீட்டுக்குப் பயணி வரப்போவதில்லை. மேலும், விருந்தினருக்குச் சமைப்பதும் படுக்கை விரிப்பதும் துணி துவைப்பதும் பெண்ணின் தலையில் விழுகின்றன. பற்றுச்சீட்டும் வங்கிக் கணக்கும் ஆணின் பெயரில் இருக்கின்றன. வீட்டு வேலையின் நீட்சியாகக் கருதப்பட்டு அவ்வுழைப்பு கணக்கில் வராது போகின்றது. பெண்களை வலுவூட்டும் திட்டம் என்று அறிக்கை கூறும்; அவர்களின் வேலைநாள் இரண்டு மணிநேரம் நீண்டதை அது கூறாது.

7

பண்பாடு பற்றிய ஒரு குறிப்பும் இங்கு அவசியமாகின்றது. பயணிகளுக்குப் பாரம்பரியக் கலைகளைக் காட்டுதல் இத்திட்டங்களின் வழமையான அங்கமாகும். விடிய விடிய ஆடப்படும் மட்டக்களப்புக் கூத்து, இராப்போசன வேளைக்கேற்ப இருபது நிமிடங்களாகச் சுருக்கப்படுமாயின் அது கலைக்கு இழைக்கப்படும் அநீதி என்று உடனே கூறத் தோன்றும். ஆனால் சுருக்குதல் ஒன்றே குற்றமன்று. 1960களில் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தை மேடைக்கேற்பச் சுருக்கினார்; அது அழிவாகவன்றி மறுமலர்ச்சியாகவே கொள்ளப்படுகின்றது. அங்கு அண்ணாவிமாரின் அறிவு மதிக்கப்பட்டது; கலையின் உள்ளியல்பு பற்றிய தேடலே மாற்றத்துக்குக் காரணமாயிற்று. விடுதி முற்றத்திலோ மாற்றத்தைத் தீர்மானிப்பது உணவுப் பட்டியல். எனவே இங்கும் அதே வினாவே மீள்கின்றது: தீர்மானிக்கும் உரிமை எவரிடம் உள்ளது? கலைக்கும் கரைக்கும் அளவுகோல் ஒன்றே.

8

முடிவாகச் சிலவற்றைத் தொகுத்துக் கூறலாம்.

முதலாவதாக, உல்லாசப் பயணத்துறையைக் கடலோரக் கிராமத்தின் ஒரே பிழைப்பாக்குதல் ஆபத்தானது. 2018 இல் இலங்கைக்கு வந்த பயணிகள் 2,333,796 பேர். 2019 ஏப்ரல் குண்டுத் தாக்குதல்களின் பின்னரும், பெருந்தொற்றுக் காலத்திலும் இத்தொகை வீழ்ந்து, 2020 இல் 507,704 ஆகவும் 2021 இல் 194,495 ஆகவும் குறைந்தது. 2024 இல் அது மீண்டும் இருபது இலட்சத்தைக் கடந்தது. விடுதி இதனைத் தாங்கிக் கதவை மூடி மறுபடி திறக்கலாம். தோணியை விற்று முச்சக்கரவண்டி வாங்கியவன் அவ்வாறு மூடித் திறக்க இயலாதவன். கடல் அவனுக்கு எஞ்சியிருந்தால் மட்டுமே அவன் அவ்வாண்டுகளைக் கடப்பான்.

இரண்டாவதாக, குத்தகைக்கு முன் பதிவு என்னும் ஒழுங்கு வேண்டும். பாடுகள், வள்ளங்களைக் கரையேற்றும் இடங்கள், கருவாடு காயவிடும் இடங்கள், கரைக்குச் செல்லும் வழிகள் ஆகியன கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களின் துணையுடன், பருவத் தொழிலாளரின் உரிமையையும் உட்படுத்தி வரைபடத்திற் குறிக்கப்படல் வேண்டும். அவ்வரைபடம் இல்லாது எந்த நிலமும் எவருக்கும் அளிக்கப்படலாகாது.

மூன்றாவதாக, கணக்கு ஊருக்குத் தெரிதல் வேண்டும். சமூகத்தின் பெயரால் வரும் வருவாய் எவ்வளவு, எவர் பெற்றார், பொதுநிதிக்கு எவ்வளவு சென்றது என்பன ஊர்ப் பொதுக்கூட்டத்தில் ஆண்டுதோறும் வாசிக்கப்படாத ஒரு திட்டத்தைச் சமூக அடிப்படையிலானது என்று கூறுதல் மொழியைத் தவறாக வழங்குதலாகும்.

இவற்றுக்கெல்லாம் எதிராக ஒன்று கூறப்படலாம்: இத்தகைய நிபந்தனைகள் முதலீட்டாளரை விரட்டிவிடும்; வறிய பிரதேசம் வறியதாகவே கிடக்கும் என்பதாகும். பொத்துவிற் களப்பின் வள்ளங்களும் குமரகத்தின் மரக்கறித் தோட்டங்களும் இவ்வாதத்துக்குப் போதிய விடையாகும். அங்கு பயணிகளும் வந்தனர், தொழிலும் நின்றது. பயணியின் வருகையை எதிர்ப்பது நமது நோக்கமன்று. கடலோர மக்களுக்கு விருந்தோம்பலை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆயின், விருந்தோம்புவதற்கு முதலில் வீடு தன்னுடையதாக இருத்தல் வேண்டும். கரையே கடற்றொழிலாளனின் வீட்டு முற்றம். அந்த முற்றத்தில் நிற்க அவனுக்கு அனுமதி வழங்கும் நிலைக்கு வேறொருவர் வந்துவிட்டாராயின், அங்கு விருந்தாளியாவது பயணியல்லன், அவனே. இந்நிலை ஏற்படாது தடுத்தலே சமூக அடிப்படையிலான உல்லாசப் பயணத்துறை பற்றிப் பேசுவோரின் முதற் கடமை என்பது மனங்கொள்ளத்தக்கது.